உள்ளூர்ப் பத்திரிகை நடத்துபவர்களின் ஆண்டுக் கூட்டம்: ராமநாதபுரம் கடற்கரையில் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கடற்கரையில் என்னென்ன பத்திரிகை வருகிறது என்று கேட்டால், விடிகாலை வேனில் வந்து இறங்கும் நாளிதழ்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஊருக்குள்ளேயே எழுதி, ஊருக்குள்ளேயே விற்கும் வாரப் பத்திரிகை, மாதமிருமுறை, ஜமாஅத் மாத இதழ், தேவாலயத்தின் பங்கு மடல், வணிகர் சங்க இதழ் எல்லாம் கணக்கில் வராது. இவற்றை நடத்துகிறவர் பெரும்பாலும் ஒரே ஆள். செய்தி எழுதுவதும் அவர்தான், விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏறுவதும் அவர்தான், கடைசியில் கட்டுப் போட்டு பஸ்ஸில் ஏற்றுவதும் அவர்தான். நானும் அப்படி ஒருவன்.

இப்படிப்பட்டவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் உட்கார்ந்து பேச வேண்டும் என்று சிலர் சேர்ந்து முதல் கூட்டத்தை நடத்தினோம். மேடை போட்டோம், மைக் வைத்தோம், பதினோரு பேர் வாழ்த்துரை வழங்கினார்கள். சிறப்பு விருந்தினர் நாலு மணிக்குத்தான் வந்தார். தொண்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு பெரியவர், தன் பத்திரிகையின் பன்னிரண்டு இதழ்களை மஞ்சள் பையில் கொண்டு வந்திருந்தார். யாராவது பார்ப்பார்கள், நாலு வார்த்தை சொல்வார்கள் என்று நாள் முழுக்க அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பையைப் பிரிக்காமலேயே பஸ் ஏறிவிட்டார். அவர் போவதைப் பார்த்தபோதுதான் நாங்கள் செய்த தப்பு என்னவென்று எனக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் மேடையே போடுவதில்லை. மேசை போடுகிறோம். கீழே சொல்லியிருக்கும் எல்லாம் அந்த ஒரு மாற்றத்திலிருந்து வந்தவை.

யார் வரலாம் என்பதை முதலில் எழுதி வையுங்கள்

கூட்டத்துக்கு ஆறு மாதம் முன்பே ஐந்து பேர் கொண்ட குழு போதும். பதினைந்து பேர் குழுவானால் முடிவெடுக்கவே இன்னொரு கூட்டம் வேண்டியிருக்கும். குழுவின் முதல் வேலை வரம்பு கட்டுவது. எங்கள் வரம்பு இதுதான்: கடந்த ஒரு வருஷத்தில் குறைந்தது நாலு இதழ் அச்சில் வந்திருக்க வேண்டும், அதில் ஊர்ச் செய்தி இருக்க வேண்டும், வருகிறவர் அந்தப் பத்திரிகையின் பணத்துக்கும் எழுத்துக்கும் பொறுப்பானவராக இருக்க வேண்டும். அடையாள அட்டைக்காக மட்டும் பத்திரிகை பெயர் வைத்திருப்பவர்கள் இந்த மூன்றாவது வரியிலேயே நின்றுவிடுவார்கள்.

அறுபது பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் மைக் வேண்டும், மைக் வந்தால் பேச்சு வந்துவிடும்.

எழுதுவதும் நடத்துவதும் பெண்களாக இருக்கும் இதழ்களைத் தேடிப் பிடித்து அழையுங்கள். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடில் 2002-ல் கிராமத்துப் பெண்கள் தொடங்கிய ‘கபர் லஹரியா’ 2009-ல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு பெற்றது. நம் கரையில் சுயஉதவிக் குழுக்கள் நடத்தும் செய்தி மடல்களை யாரும் பத்திரிகை என்று சொல்வதே இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இப்படியான கூட்டம் உலகத்துக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் 1885-ல் தொடங்கிய தேசியப் பத்திரிகைச் சங்கம் சிற்றூர்ப் பத்திரிகைகளுக்காகவே ஆண்டு மாநாடு நடத்துகிறது. அங்கேயும் தபால் செலவு பெரிய பேச்சுதான். நம் நாட்டில் இந்தியப் பத்திரிகைச் சங்கம் 1939-லிருந்து இருக்கிறது. ஆனால் நாற்பது கட்டு அச்சடிக்கிற நமக்கு வேண்டியதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

தேதி: இந்தக் கரைக்கு நாலைந்து காலண்டர்

வெளியூர்க்காரர்கள் கூட்டம் நடத்த வந்து தடுமாறுவது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை, புயல். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் அன்று நீங்கள் அழைத்த பாதிப் பேர் செய்தி சேகரிக்கப் போய்விடுவார்கள். தனுஷ்கோடியை அழித்த 1964 புயல் டிசம்பர் 22, 23-ல் வந்தது என்பதை இந்தக் கரையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் ராமேஸ்வரத்தில் நிரம்பி வழியும், அறை கிடைக்காது.

செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அந்த நாட்களை ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவும் வாகனக் கட்டுப்பாடும் வழக்கம். வாடகை வேன் வைத்து ஆட்களைக் கூட்டி வரும் திட்டம் அப்போது நடக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும்போது கடைவீதியில் காசு இருக்காது, விளம்பரமும் இருக்காது. பஸ் காசு போட்டு வரவே ஆள் யோசிப்பார்கள். வெயிலும் சும்மா விடாது. இனி ரமலான். அது ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். இப்போது பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி நண்பர்களை நோன்பு மாதத்தில் மதியச் சாப்பாட்டோடு கூட்டம் என்று அழைப்பது மரியாதையில்லை.

எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் எங்களுக்கு அமைந்தது ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் இல்லை. அதனால் மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். இன்னொரு காரணம் எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. திருமண வாழ்த்து விளம்பரம் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சோறு போடும் வரும்படி. ஆடியில் அது நின்றுபோவதால் எல்லோரும் கொஞ்சம் சும்மா இருப்பார்கள். அச்சுக்கூடம் நடத்தும் பிரஸ்காரர்களுக்கும் வேலை குறைவு, அவர்களையும் அழைக்கலாம்.

ஆடியிலும் இரண்டு எச்சரிக்கை. ஆடி அமாவாசையை ஒட்டிய இரண்டு நாளும் வேண்டாம். ராமேஸ்வரம் மட்டுமில்லை, தேவிபட்டினம், சேதுக்கரை எல்லாமே ஜனக்கூட்டமாகிவிடும். ஒரு வருஷம் நாங்கள் பஞ்சாங்கம் பார்க்காமல் தேதி குறித்து, வந்தவர்களை மூன்று பேர் வீட்டு மொட்டை மாடியில் படுக்க வைத்தோம். ஜூலை 27-ஐயும் விட்டுவிடுங்கள். அன்று அப்துல் கலாம் நினைவு நாள், பேய்க்கரும்பு நினைவிடத்துக்கு ஊரே போகும், பத்திரிகைக்காரர்களும் அங்கேதான் இருப்பார்கள்.

இடம்: ராமேஸ்வரம் ஆசையை விடுங்கள்

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ராமேஸ்வரம் என்றால் இழுக்கும். ஆனால் கூட்டம் ராமநாதபுரத்தில் இருக்கட்டும். தொண்டி, கீழக்கரை, சாயல்குடி, பரமக்குடி எல்லாத் திசைக்கும் அங்கிருந்து பஸ் உண்டு. சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸில் வருகிறவர் நேராக இறங்கிக்கொள்ளலாம். ராமேஸ்வரம் இன்னும் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். சாயல்குடிக்காரரை அங்கே வரச் சொன்னால் அவருக்குப் போக வரவே ஒரு நாள் போய்விடும்.

மண்டபம் பார்க்கப் போகும்போது மேடையைப் பார்க்காதீர்கள், சாப்பாட்டுக் கூடத்தைப் பாருங்கள். நீள மேசைகள் கிடைப்பது அங்கேதான். எங்கள் கூட்டமே சாப்பாட்டுக் கூடத்தில்தான் நடக்கிறது. ஆடியில் கச்சான் காற்று வீசும். ஜன்னலை அடைக்க முடியுமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பத்திரிகையெல்லாம் பறந்து மூலைக்குப் போய்விடும். நாங்கள் ஒவ்வொரு மேசைக்கும் நாலு கூழாங்கல் கழுவி வைத்தோம். பேனர் துணியில் எழுதுங்கள். ஒற்றைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை. தண்ணீர்ப் பானையும் எவர்சில்வர் தம்ளரும் வைத்தால் அந்தக் கவலை இல்லை.

கூட்டத்தை மேலிருந்து படம் பிடிக்கிறேன் என்று யாராவது டிரோன் கொண்டு வந்தால் தடுத்துவிடுங்கள். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமான தளம் இருக்கிறது. இந்தக் கரையில் அது விளையாட்டில்லை.

பணம்

மொத்தச் செலவைக் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுத்து, வரும் தொகையில் பாதியையாவது நுழைவுக் கட்டணமாக வாங்குங்கள். இலவசமாக நடத்தினால் வருகிறேன் என்று சொன்னவரில் பாதி வரமாட்டார்கள், சமைத்த சாப்பாடு மிஞ்சும். கட்டணம் கட்ட முடியாதவருக்கு ஒரு வழி வையுங்கள்: அவர் பத்திரிகையில் கூட்டத்தின் அறிவிப்பைக் கால் பக்கம் போட்டால் போதும்.

மீதிப் பாதி அச்சுக்கூடங்கள், காகித வியாபாரிகள், அச்சுக்குத் தகடு (பிளேட்) போடுகிறவர்கள், பக்க வடிவமைப்பு மென்பொருள் விற்பவர்கள் ஆகியோரிடமிருந்து வரட்டும். மதுரை, சிவகாசியிலிருந்து வந்து ஒரு மேசை போட்டுக்கொள்ள அவர்களுக்கு விருப்பம் இருக்கும். ஒரே இடத்தில் அறுபது வாடிக்கையாளர் அவர்களுக்கு வேறெங்கே கிடைப்பார்கள்? கட்சிப் பிரமுகரிடமோ, நாம் நாளைக்குச் செய்தி எழுத வேண்டிய காண்டிராக்டரிடமோ ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். மதியச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒருவர் வலிய வந்தபோது, அடுத்த மாதம் அவருடைய சாலைப் பணியைப் பற்றி எப்படி எழுதுவது என்று ஒரு தம்பி கேட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அழைப்பு

வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிவிட்டு அழைத்துவிட்டோம் என்று இருக்காதீர்கள். தபாலில் ஒரு கடிதம், பத்து நாள் கழித்து ஒரு போன். “அண்ணே, உங்க பேப்பரைப் பத்து பேர் படிச்சு அபிப்பிராயம் சொல்லப் போறாங்க, கடைசி மூணு இதழைப் பத்துப் பத்து காப்பி கொண்டு வாங்க” என்று சொல்லிப் பாருங்கள், கட்டாயம் வருவார்கள். எத்தனை பிரதி அச்சடிக்கிறீர்கள் என்று பதிவுப் படிவத்தில் கேட்க வேண்டாம். அது கூச்சமான கேள்வி. யார் அச்சடிக்கிறார், என்ன அளவு, எத்தனை பக்கம், எந்தக் கிழமை வெளிவருகிறது, பழைய இதழ்கள் எந்த வருஷத்திலிருந்து கைவசம் இருக்கின்றன என்று கேளுங்கள். இந்த ஐந்து பதிலும் அப்புறம் பெரிய உதவியாக இருக்கும்.

முதல் நாள் காலை: பத்திரிகை மேசை

தொடக்க விழா அரை மணி நேரம். வரவேற்பு, சென்ற வருஷ வரவு செலவு, அவ்வளவுதான். பொன்னாடை இல்லை. பிறகு ஆறு மேசை, மேசைக்குப் பத்து பேர். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மேசையில் உட்காரக் கூடாது. ஊர்ப் பகையும் ஊர் நட்பும் இரண்டுமே உண்மை பேச விடாது.

ஒவ்வொரு பத்திரிகைக்கும் இருபது நிமிஷம். முதல் எட்டு நிமிஷம் யாரும் பேசாமல் படிக்க வேண்டும், கையில் பென்சில். பிறகு மூன்று கேள்வி: எந்தச் செய்தியைக் கடைசி வரி வரை படித்தீர்கள்? எங்கே நிறுத்தினீர்கள்? இந்த ஊரில் நாளைக்குப் போய் இறங்கினால் தெரிந்திருக்க வேண்டிய ஏதாவது இதில் இல்லாமல் இருக்கிறதா? பத்திரிகைக்குச் சொந்தக்காரர் பதில் சொல்லக் கூடாது, எழுதிக்கொள்ள மட்டும் வேண்டும். இந்த விதியைக் கறாராக வைத்திருங்கள். நியாயம் சொல்ல ஆரம்பித்தால் இருபது நிமிஷமும் அதிலேயே போய்விடும்.

என் பத்திரிகையை எடுத்துப் படித்த கீழக்கரை பாய் ஒருவர் ஒரு தலைப்பின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். ‘குடிநீர்ப் பிரச்சினை குறித்து மனு’ என்பது தலைப்பு. “இதிலே யாருக்கு, எந்தத் தெருவிலே, எத்தனை நாளா தண்ணி வரலைன்னு இருக்கா தம்பி?” என்று கேட்டார். செய்தியின் ஆறாவது வரியில் இருந்தது: கீழத்தெருவில் ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை. அதையே தலைப்பாக்கியிருந்தால் அந்தத் தெருக்காரர் அத்தனை பேரும் வாங்கியிருப்பார்கள். அன்றிலிருந்து நான் தலைப்பைக் கடைசியில்தான் எழுதுகிறேன், செய்தியில் எண்ணும் இடமும் எங்கே இருக்கிறது என்று தேடிவிட்டு.

எல்லா மேசையிலும் திரும்பத் திரும்ப வரும் குறைகளும் உண்டு. குழுப் புகைப்படத்தில் பெயர் வரிசை இருக்காது. கூட்டம் எந்தக் கிழமை நடந்தது என்று இருக்காது. ‘அதிகாரிகள்’ என்று இருக்கும், எந்தத் துறை என்று இருக்காது. இறப்புச் செய்தியில் வயது விட்டுப்போயிருக்கும். மத்தியானம் இவற்றைச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

வழக்கமான போட்டிகளோடு ஒரு பரிசையும் நான் சிபாரிசு செய்கிறேன்: சிறந்த திருத்தம். தவறாக வெளியிட்ட செய்தியை அடுத்த இதழில் தெளிவாக, கண்ணில் படும் இடத்தில் திருத்திப் போட்ட பத்திரிகைக்குத் தருவது. இதைப் பெற்றவர் மற்ற எந்தப் பரிசைப் பெற்றவரையும் விட அதிகமாகக் கைதட்டல் வாங்கினார். நடுவர்கள் வேறு மாவட்டத்துக்காரர்களாக இருக்கட்டும்.

முதல் நாள் பிற்பகல்: கணக்கு நோட்டு

கதவைச் சாத்திக்கொண்டு நடத்த வேண்டிய அமர்வு இது. விளம்பரதாரர்கள், பிரஸ்காரர்கள், விருந்தினர்கள் யாரும் உள்ளே வேண்டாம். எல்லோரும் கடைசி இதழின் அச்சு பில்லைக் கொண்டு வரச் சொல்லுங்கள். காகிதம், பிளேட், அச்சுக் கூலி, மடிப்பு, பார்சல் என்று ஐந்து கட்டமாகக் கரும்பலகையில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், தொகை மட்டும். ஒரே அளவு, ஒரே பக்கம், ஒரே எண்ணிக்கை; ஒருவர் கொடுப்பதற்கும் இன்னொருவர் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்ததும் கூடமே அமைதியாகிவிடும். அதற்கப்புறம் நாலைந்து பேர் சேர்ந்து காகிதம் மொத்தமாக வாங்குவது, ஒரே நாளில் அச்சுக்குக் கொடுத்து வேன் வாடகையைப் பங்கு போடுவது எல்லாம் தானாகவே பேச்சில் வரும். நீங்கள் யோசனை சொல்லவே வேண்டாம்.

அடுத்தது விளம்பர பாக்கி. உள்ளூர்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் வாசகர் இல்லாமல் நிற்பதில்லை, வராத பாக்கியால்தான் நிற்கின்றன. கண்ணீர் அஞ்சலிக்கும் பெயர் மாற்ற அறிவிப்புக்கும் முன்பணம்; கடை விளம்பரத்துக்கு முதல் மாதம் பாதி முன்பணம்; மூன்று மாத பாக்கி வைத்தவருக்கு அடுத்த விளம்பரம் இல்லை. இதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து ஒரே வாசகமாக அச்சடித்து வைத்துக்கொண்டால், முகத்தைப் பார்த்துக் கேட்கத் தயங்குகிறவர் அந்தத் தாளை நீட்டிவிடலாம். அச்சு விளம்பர இடத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பதையும், பதிவு வரம்புக்குள் யார் வருகிறார் என்பதையும் ஒரு ஆடிட்டர் வந்து அரை மணி நேரம் விளக்கட்டும்.

சந்தா பற்றிப் பேசும்போது அந்தத் தொண்டிப் பெரியவர் இரண்டாம் வருஷம் தன் நோட்டைத் திறந்தார். நீள் வடிவக் கணக்கு நோட்டு, ஓரம் எல்லாம் உப்புக் காற்றில் மொறுமொறுப்பாகியிருந்தது. சந்தாதாரர் பெயர் நீல மையில். வெளிநாடு போனவருக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர்: ஜித்தா, துபாய், கிள்ளான். இறந்தவர் பெயரை அடித்திருக்கவில்லை. பக்கத்தில் தேதி போட்டு, அதன் கீழே மகன் பெயரையோ மருமகள் பெயரையோ எழுதியிருந்தார். அப்பா வாங்கிய பத்திரிகையை மகன் தொடர்ந்து வாங்குகிறார். இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டோம். இறப்புச் செய்தியைக் காசு வாங்காமல் போடுவேன், அந்த இதழை நானே கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்றார். சந்தா பற்றி இதைவிட நல்ல பாடம் எங்கள் கூட்டத்தில் இதுவரை யாரும் எடுக்கவில்லை.

இதழைப் பிடிஎஃப்பாக போனில் அனுப்பும் பிரச்சினையும் இங்கேயே வரும். என் கருத்து: வெளிநாட்டுச் சந்தாதாரருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியான அன்றே அனுப்புங்கள், உள்ளூர்க் குழுக்களில் போடாதீர்கள். கடையில் பத்து ரூபாய் கொடுத்து வாங்கியவர், அதே இதழ் இலவசமாகச் சுற்றுவதைப் பார்த்தால் அடுத்த முறை வாங்கமாட்டார்.

சட்டம்: ஒன்றரை மணி நேரம், ஒரு வக்கீல்

1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் போய், 2023-ல் இயற்றிய பத்திரிகைகள் மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. முன்பு ஆட்சியர் அலுவலகத்தில் உறுதிமொழி கொடுத்து, தலைப்புக்கு ஒரு முறை, பதிவுக்கு ஒரு முறை என்று அலைந்தோம். இப்போது பிரஸ் சேவா இணைய வாசலில் தலைப்பும் பதிவும் ஒரே விண்ணப்பம். பத்திரிகைகளைப் பதிவு செய்த பழைய ஆர்என்ஐ அலுவலகம்தான் இப்போது இந்தியப் பத்திரிகைப் பதிவாளர் தலைவர் அலுவலகம். பதிவு பழையதாக இருந்தாலும் இணையத்தில் கணக்குத் தொடங்கி ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் இருப்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் நாலு பேராவது இருக்கிறார்கள். ஆகவே சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், இரண்டு லேப்டாப் வைத்து, அங்கேயே உட்கார்ந்து செய்து கொடுங்கள். அரசு விளம்பரத்துக்கு 25,000 பிரதி வரை ‘சிறு பத்திரிகை’ என்ற வகை தனியாக உண்டு. அதற்கான ஆவணங்களையும் அதே மேசையில் பார்க்கலாம்.

வக்கீல் பேச வேண்டியது மூன்றே விஷயம். அவதூறு இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடுவது அதே சட்டத்தின் 72-வது பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு: பெயர், படம், முகவரி, பள்ளி எதுவும் கூடாது. சின்ன ஊரில் ‘இன்ன தெருவைச் சேர்ந்த மாணவி’ என்று எழுதினாலே ஊருக்கே தெரிந்துவிடும். பெரிய நாளிதழுக்கு இல்லாத ஆபத்து நமக்கு இதில் உண்டு.

இரண்டாம் நாள்: பாம்பன், அப்புறம் வாசகர்கள்

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு வேன் கிளம்பட்டும். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று வடகடலும் தென்கடலும் இரு பக்கமும் தெரிய, 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய தூக்குப் பாலத்தைப் பார்த்துவிட்டுக் கரைக்கு இறங்குங்கள். பாலத்தில் வண்டியை நீண்ட நேரம் நிறுத்தாதீர்கள், போக்குவரத்து நிற்கும். பாம்பனில் மீனவர்களுக்கான சமுதாய வானொலி ‘கடல் ஓசை 90.4’ இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிப் போனால், காற்று, கடல் நிலவரத்தை மீனவர் மொழியில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கற்றுக்கொள்ளலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. படகு பிடித்துத் தீவுக்குப் போகலாமே என்று யாராவது சொன்னால், வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பத்து மணிக்குக் கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குத் திரும்பியதும் வாசகர் அமர்வு. எங்கள் கூட்டத்தின் உயிரே இதுதான். கடல்பாசி எடுக்கும் பெண் ஒருவர், நாட்டுப்படகுக்காரர் ஒருவர், விசைப்படகுத் தொழிலாளி ஒருவர், டீக்கடைக்காரர், மிளகாய் விவசாயி, பிளஸ் டூ மாணவி, ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று ஏழெட்டுப் பேரை அழையுங்கள். அன்றைய கூலியை உறையில் போட்டுக் கொடுங்கள், அவர்கள் ஒரு நாள் வேலையை விட்டு வருகிறார்கள். அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்போம். ஒரு வருஷம் பாசி எடுக்கும் அக்கா ஒருவர் சொன்னார்: “வனத்துறை எங்களைப் பிடிச்ச அன்னிக்கு எழுதுறீங்க. பிடிச்ச பாசிக்கு வெலை எறங்குன அன்னிக்கு எழுத மாட்டேங்குறீங்க.” அடுத்த மாதம் நாலு பத்திரிகையில் பாசி விலை வந்தது.

இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவர் வீட்டில் படம் எடுப்பது பற்றியும் இங்கே பேசுங்கள். அழும் முகத்தைக் கேட்காமல் எடுக்கிறோம். திரும்பி வந்தவர் அந்தப் படத்தைப் பார்க்கிறார் என்பதை நாம் யோசிப்பதில்லை.

கட்டுப் போடுகிறவர்களுக்கு முதல் வரிசை

பிற்பகலில் ஏஜென்ட்டுகளையும் வீடு வீடாகப் பத்திரிகை லைன் போடும் பையன்களையும் கௌரவிக்கும் நிகழ்ச்சி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போனபோது, ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே வீசினார்கள். அதைப் பொறுக்கி எடுத்து வீடு வீடாகப் போட்ட தன் உறவினர் சம்சுதீனுக்கு உதவியாளாக இருந்தவர் சிறுவன் அப்துல் கலாம். அந்த மண்ணில் கூட்டம் நடத்திவிட்டு, விடிகாலை நாலு மணிக்குச் சைக்கிள் மிதிக்கிற பையனைப் பின்வரிசையில் உட்கார வைக்கக் கூடாது. அவர்களுக்கு மழைக்கோட்டு கொடுங்கள், கேடயம் வேண்டாம். பிறகு விற்காத பிரதிகள் ரிட்டர்னாக ஏன் வருகின்றன என்று அவர்களிடமே கேளுங்கள். எந்தக் கடையில் எந்த மூலையில் நம் பத்திரிகை மறைந்து கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சாப்பாடு

சனிக்கிழமை சைவம், ஞாயிறு மீன். இதற்கு ஒரு காரணம் உண்டு. ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். சனிக்கிழமை போனவை ஞாயிறு காலை கரை சேரும், அன்று மீன் புதிதாக இருக்கும். சைவக்காரருக்குத் தனிப் பந்தி, தனிக் கரண்டி. கையில் கொடுத்தனுப்ப ஓலைக்கொட்டானில் கொஞ்சம் கருப்பட்டி, புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் ஒரு பிடி, கீழக்கரை இனிப்பான தொதல் ஒரு துண்டு. பேனாவும் கோப்பும் எல்லாக் கூட்டத்திலும் கொடுக்கிறார்கள்.

முடிந்த பிறகு

ஞாயிறு இரவே சமையல்காரர், வேன் டிரைவர், மண்டபத்தைக் கூட்டியவர் மூன்று பேருக்கும் பணம் கொடுத்துவிடுங்கள். பத்து நாளுக்குள் வரவு செலவைப் பைசா வரை எழுதி, வந்த எல்லோருக்கும் தபாலில் அனுப்புங்கள். அதோடு சுவரில் ஒட்டிய குறைகள் பட்டியல், எடுத்த முடிவுகள், அடுத்த வருஷ ஆடி அமாவாசை எந்தத் தேதி என்ற ஒரு வரி. குழுவில் இரண்டு பேர் விலகி இரண்டு புதியவர்கள் சேர வேண்டும், அதில் ஒருவர் முப்பது வயதுக்குள்.

கடைசியாக, மேசைகளில் மிஞ்சிய பத்திரிகைகளைக் குப்பைக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒரு இதழ் எடுத்து, ஊர் வாரியாக அடுக்கி, சணல் கயிற்றால் இரண்டு கட்டாகக் கட்டுங்கள். வெளியாகும் பத்திரிகைகளைப் பொது நூலகங்களுக்குக் கொடுக்கச் சொல்லும் சட்டம் 1954-லிருந்தே இருக்கிறது, 1956 திருத்தத்தில் செய்தித்தாள்களும் அதில் சேர்ந்தன. சென்னை கன்னிமாரா நூலகம் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் கட்டு அங்கே தபாலில் போகட்டும். இரண்டாவது கட்டை ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்துக்குத் திங்கட்கிழமை காலை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கிக் கணக்கு நோட்டில் ஒட்டி வையுங்கள்.